சோடி வாழை

போன மாதம் ஒரு கலியாண வீட்டுக்குப் போனேன். மண்டப வாசலில் இரண்டு பக்கமும் வாழை மரம் கட்டியிருந்தார்கள். குலை, பொத்தி எல்லாம் இருந்தது. கிட்டப் போய் மடலை நகத்தால் கீறிப் பார்த்தேன். கயர்ப் பால் வரவில்லை. மணமும் இல்லை. பிளாஸ்டிக்.

பின்னால் வந்தவர்களில் யாரோ, "ஐயா பழம் பிடுங்கப் பாக்கிறார்" என்று சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயது போன ஆள் வாசலில் நின்று மரத்தைச் சுரண்டினால் வேறென்ன செய்வார்கள்.

உண்மையைச் சொன்னால், நான் அந்தக் கலியாணத்துக்குப் போனதே மரத்துக்காகத்தான். பெண்ணையும் தெரியாது, மாப்பிள்ளையையும் தெரியாது. மணவறை சோடிக்கிறவரைத்தான் தெரியும். எனக்கு ஒரு வாழைக்குற்றி வேண்டும். ஒரு ஆளுக்குப் பதிலாகப் புதைக்க.

இப்படியொரு வழக்கம் எங்களிடம் இல்லை. இதை நான் பழகினது லண்டனில், பிளேஸ்டோவில், ஒரு உகண்டா மனிசியிடம்.

என்னிடம் ஒரு நீலச் சட்டை இருக்கிறது. லோண்டரியில் தந்த வேலைச் சட்டை. இரண்டு தோளிலும் கறுப்புக் கறை. வாழைக்கயர். நாங்கள் கழுவினது ஆசுப்பத்திரி விரிப்பு. ரத்தம், மருந்து, இன்னும் சொல்லக்கூடாதது எல்லாம் அந்த மெசினில் போய்விடும். வாழைக்கயர் போகவில்லை. எத்தனையோ தரம் போட்டுப் பார்த்தேன். அதன் பிறகு எறியவும் மனம் வரவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த வருஷங்களில் நான் அங்கேதான் வேலை செய்தேன். ரயில் பாதைக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட பெரிய கட்டடம். உள்ளே எப்போதும் சுடுகஞ்சி மணம். ஈரத் துணியை உருளை இஸ்திரிக்குள் விடும்போது வருகிற மணம் அது. குளிர்காலத்தில் சொர்க்கம். கோடையில் சொல்ல வேண்டாம். இங்கிலிஸ் அதிகம் தேவைப்படாத வேலை. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு வேறென்ன வேலை கிடைக்கும்.

உருளையின் மறுபக்கம் இரண்டு பேர் நிற்க வேண்டும். விரிப்பு சுடச்சுட வெளியே வரும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, இழுத்து, உதறி, நடந்து போய் முனையை முனையோடு சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது மற்றவரின் விரல் படும். பிறகு பின்னால் நடை. நாள் முழுக்க இதுதான். ஒரு மனிசரோடு இவ்வளவு தரம் நேருக்கு நேர் நடந்தால் எப்படிக் கதைக்காமல் இருப்பது?

என்னோடு மறுமுனையில் நின்றவர் ரோஸ் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். உயரமான ஆள், தலைமயிரை ஒட்ட வெட்டியிருப்பார். அக்கா என்று கூப்பிடத் தொடங்கினது நான்தான். பிறகு கானாக்காரரும் போலந்துக்காரரும் அதுதான் அவர் பெயர் என்று நினைத்து அக்கா என்றே கூப்பிட்டார்கள். சுப்பர்வைசரும் வேலை அட்டவணையில் அக்கா என்றே எழுதினார். அவர் திருத்தவில்லை.

முதல் மாதம் இந்த மனிசிக்கு மூளையில் ஏதோ பிழை என்று நினைத்தேன். கதைத்துக்கொண்டே இருப்பார். மெசின் நின்றால் அந்த இடத்திலேயே வாயை மூடிவிடுவார். பாதி வசனத்தில் நிற்பார். தேத்தண்ணி நேரத்தில் மேசையில் முன்னால் இருந்தால் ஒரு சொல் வராது. மெசின் திரும்ப ஓடத் தொடங்கினதும் மீதி வசனம் வரும். சில வேளை அடுத்த நாள் காலையில் வரும். "அப்ப அந்த ஆமிக்காரன்" என்று தொடங்குவார். எந்த ஆமிக்காரன் என்று நான் நேற்றைக்குப் போய்த் தேட வேண்டும்.

ஒருநாள் கேட்டேன்.

"சத்தம் நிண்டா வாயும் நிக்கோணும்," என்றார். "அப்பிடித்தான் நான் உயிரோடை மிஞ்சினனான்."

நாங்கள் கதைத்தது அரைகுறை இங்கிலிசில். இங்கே என் தமிழில் எழுதுகிறேன். அவருடைய தமிழ் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அவருடைய நாட்டை ஒரு ஜெனரல் ஆண்டான். அவனுடைய பெயரை ரோஸ் அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. அவன் என்பார். அவ்வளவுதான். அவன் வந்த நாள் சனம் மரக்கொப்பு முறித்துக்கொண்டு தெருவில் ஆடினதாம். "நானும் ஆடினனான். நல்லா ஆடினனான்," என்றார். அதைச் சொல்லும்போது விரிப்பை ஓங்கி உதறினார்.

பிறகு இந்தியர்களை நாட்டைவிட்டு அனுப்பினான். அவர்களின் கடைகளை ஆமிக்காரருக்குக் கொடுத்தான். அவருடைய ஊரில் மருந்துக்கடை ஒரு சார்ஜன்டுக்குக் கிடைத்தது. அவனுக்கு வாசிக்கத் தெரியாது. குளிசையை நிறம் பார்த்து விற்றான். காய்ச்சலுக்குச் சிவப்பு, வயிற்றுக்கு மஞ்சள். சிரிக்கக் கூடாது. சிரித்தவன் வீட்டுக்குப் போய்ச் சேருவான் என்று நிச்சயம் இல்லை.

அதோடு சாமான் முடிந்தது. சீனி இல்லை, உப்பு இல்லை, சவுக்காரம் இல்லை. பப்பாசி இலையைக் கசக்கி உடுப்புத் தோய்த்தார்களாம். நான் கையிலிருந்த முனையை விட்டுவிட்டேன். எங்களுக்கும் யாழ்ப்பாணத்தில் சாமான் வரவிடாமல் தடை போட்டிருந்த காலத்தில் சவுக்காரம் இல்லை. நாங்கள் பனம்பழத்தில் தோய்த்தோம். மஞ்சளாய்ச் சாயம் ஏறி, உடுப்பெல்லாம் பனங்காய்ப் பணியார மணம். மாடு பின்னால் வந்து வேட்டியைச் சப்பும். அதைச் சொன்னதும் ரோஸ் அக்கா சிரித்தார். நான் அவர் சிரித்துப் பார்த்த முதல் நாள் அது. எங்களைச் சுற்றி மூட்டை மூட்டையாய்ச் சவுக்காரத் தூள் அடுக்கியிருந்தது.

எங்கள் லோண்டரி வான் வெள்ளை. பின்கதவைச் சாத்தும்போது டமார் என்று கேட்கும். அந்தச் சத்தத்துக்கு அவர் திடுக்கிடுவார். அவருடைய நாட்டில் ஆளைப் பிடித்தால் கார் டிக்கியில்தான் போடுவார்கள். கறுப்புக் கண்ணாடியும் பூப்போட்ட சட்டையுமாக வருவார்களாம். நான் சத்தத்துக்குத் திடுக்கிடுவதில்லை. எனக்கு வானைக் கண்டாலே போதும். எங்கள் ஊரில் ஆள் காணாமல் போனது வெள்ளை வானில். ஒரே வான், இரண்டு பேருக்கும் இரண்டு விதப் பயம். மற்றவர்கள் அதில் விரிப்பு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவருடைய புருஷன் பெயர் ஜோசப். மணிக்கூடு திருத்துகிறவர். தெரு முனையில் கண்ணாடிப் பெட்டிக் கடை. ஒருநாள் ஒரு ஆமிக்காரன் கைமணிக்கூடு ஒன்றைக் கொண்டுவந்தான். ஓடவில்லை, திருத்து என்றான். ஜோசப் மூடியைக் கழற்றினார். உள்ளே ஊசியால் கீறின ஒரு அடையாளம். திருத்துகிறவர்கள் மூடிக்குள் தங்கள் குறி போடுவது வழக்கமாம். அது அவருடைய குறியே. அந்த மணிக்கூடு பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியாருடையது. வாத்தியார் காணாமல் போய்ச் சில கிழமை.

ஜோசப் வாய் தவறிக் கேட்டுவிட்டார். "இது மாஸ்டரின்ரை எல்லோ?"

அவ்வளவுதான். அந்த ஒரு வசனம். ஆமிக்காரன் திருத்தி வை, பின்னேரம் வாறன் என்று போனான். பின்னேரம் அவன் வரவில்லை. பூச்சட்டைக்காரர் வந்தார்கள். ரோஸ் அக்கா சாப்பாடு கொண்டு வந்துகொண்டிருந்தார். தெருவின் அந்தப் பக்கத்தில் நின்று பார்த்தார். சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். ஜோசப் குனிந்து நாடாவை அவிழ்த்தார். டிக்கி மூடினது. சப்பாத்து தெருவில் இருந்தது.

"நான் கத்தேல்லை," என்றார் ரோஸ் அக்கா. "சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரை நடந்தனான். இருண்ட பிறகு வந்து சப்பாத்தை எடுத்தன்."

அந்த இடத்தில் மெசின் நின்றது. மீதி இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது.

ஜெனரல் நாட்டைவிட்டு ஓடினான். சிறைக் கதவைத் திறந்தார்கள். ரோஸ் அக்கா வாசலில் நின்றார். எலும்பும் தோலுமாய் ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தார். கடைசி ஆளும் வந்து முடிந்தது. ஜோசப் வரவில்லை.

அவர்களின் சனத்தில் உடல் கிடைக்காத ஆளுக்கு வாழைக்குற்றியைப் புதைப்பார்களாம். பிள்ளை பிறந்தால் நச்சுக்கொடியை வாழையடியில்தான் தாழ்ப்பது. அதனால் வாழை ஆளோடு கூடப்பிறந்த மாதிரி. ஆள் இல்லாவிட்டால் வாழை போகும். மரப்பட்டையை அடித்துச் செய்த துணியில் சுற்றி, ஆளைப் போலவே கிடத்தி, மண் போடுவார்கள். அப்படிச் செய்யாவிட்டால் அந்த வீட்டில் சாவு முடியாது. மனிசி விதவையும் இல்லை, பெண்சாதியும் இல்லை.

ஜோசப்பின் ஆட்கள் வாழைக்குற்றியோடு வந்தார்கள். ரோஸ் அக்கா கதவைப் பூட்டிவிட்டார். வெளியில் இருந்து தட்டினார்கள், கெஞ்சினார்கள், ஏசினார்கள். திறக்கவில்லை.

"ஏன் அக்கா?"

"அவன் உயிரோடை இருக்கிறான் தம்பி. வேறை நாட்டிலை பெரிய வீட்டிலை இருந்து திண்டுகொண்டு இருக்கிறான். ஒருநாள் பிடிச்சுக்கொண்டு வருவினம். கூட்டிலை நிப்பாட்டிக் கேப்பினம், எங்கை போட்டனி எண்டு. அவன் சொல்லோணும். அவன் சொன்னாப் பிறகுதான் நான் ஜோசப்பைத் தாழ்ப்பன்."

அப்படி ஒருநாள் வரும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். அதற்குச் சில வருஷம் முதல் வேறொரு நாட்டுக் கிழட்டு ஜெனரலை இதே லண்டனில் பிடித்து வைத்திருந்தார்கள். அந்த நேரம் வேலைக்குப் போக முதல் ஒவ்வொரு நாளும் ரேடியோ கேட்டாராம். அந்த ஆளை விட்டுவிட்டார்கள். அப்படியும் அவர் நம்பிக்கையை விடவில்லை.

என் கதையையும் கேட்டார். என்னிடம் சொல்லக் கனக்க இல்லை. எனக்கு ஒரு அண்ணை. சைக்கிள் திருத்துகிறவர். ஒருநாள் ஆமிக்காரர் காவல் நிற்கிற சென்றியில் மறித்தார்கள். மற்றவர்களை விட்டார்கள், அவரை விடவில்லை. அண்ணி போய்ப் பார்த்தபோது சைக்கிள் மதிலில் சாத்தியிருந்தது. ஆள் இல்லை. அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்றார்கள். அப்ப சைக்கிள் எப்படி வந்தது என்று கேட்க அண்ணிக்குத் துணிவு இருந்தது. பதில்தான் கிடைக்கவில்லை. பிள்ளைகள் இல்லை. அண்ணி தனிய இருந்தார். பொட்டு வைத்தார். ஒவ்வொரு ஞாயிறும் நான் ஃபோன் கார்டைச் சுரண்டி நம்பர் அடித்துக் கதைப்பேன். கடைசியில் எப்போதும் ஒன்று சொல்வார். "அண்ணையின்ரை சைக்கிளுக்கு எண்ணெய் விட்டனான் தம்பி."

இதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். ரோஸ் அக்கா முனையைச் சேர்க்கும்போது என் விரலை ஒருதரம் பிடித்துவிட்டு விட்டார். விரிப்பு வந்துகொண்டே இருந்தது.

அந்த வருஷம் கோடை பொல்லாத வெயில். தகரக் கூரைக்குக் கீழே நாங்கள் அவிந்துகொண்டிருந்தோம். ஜெனரல் நினைவில்லாமல் கிடக்கிறான் என்று முதல் ஒரு செய்தி வந்தது. ரோஸ் அக்கா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. சாகக் கூடாது என்று கோயிலில் நேர்ந்தார். பகிடியாய்ச் சொல்லவில்லை. தன் புருஷனைக் கொன்றவன் பிழைக்க வேண்டும் என்று ஒரு மனிசி மெழுகுதிரி கொளுத்தினார்.

ஒரு சனிக்கிழமை. சுப்பர்வைசரின் கண்ணாடி அறையில் ரேடியோ போய்க்கொண்டிருந்தது. ரோஸ் அக்கா அவரிடம் துணி வண்டி கேட்கப் போனார். திரும்பி வந்தார். என் முன்னால் வந்து விரிப்பு முனையைப் பிடிக்கவில்லை. நேரே உருளைக்குப் போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். மெசின் இரைச்சல் இறங்கி இறங்கி நின்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

"அவன் செத்துப் போனான்," என்றார்.

சத்தம் இல்லாத இடத்தில் அவர் கதைத்ததை நாங்கள் கேட்ட முதல் தரம் அது. அவ்வளவு பெரிய குரல் அவருக்கு இருந்தது எங்களுக்குத் தெரியாது.

"கட்டிலிலை செத்தவனாம். ஆசுப்பத்திரியிலை. வெள்ளை விரிப்பிலை."

சுப்பர்வைசர் ஓடிவந்தார். நல்ல மனிதன். மெசினை நிற்பாட்டினதுக்கு ஏசவில்லை. செத்தது நெருங்கின ஆளோ என்று மெல்லக் கேட்டார். ரோஸ் அக்கா யோசித்தார்.

"ஓம்," என்றார். "கன காலமாத் தெரிஞ்ச ஆள்."

சுப்பர்வைசர் அவருடைய தோளைத் தட்டி, செத்த வீட்டுக்கு ஒருநாள் சம்பளத்தோடு லீவு தரலாம், எப்ப வேண்டும் என்றார். அவர் பிறகு சொல்கிறேன் என்றார். மெசினைத் திரும்ப ஓடவிட்டார்கள். ஓடின பிறகு என்னிடம் கேட்டார்.

"உன்ரை ஆக்கள் கலியாணத்துக்கு வாழை மரம் கட்டுவினம் எல்லோ? எனக்கு ஒண்டு வேணும்."

ஜோசப்பை எங்கே போட்டது என்று சொல்ல இனி ஒரு வாயும் இல்லை என்று விளங்கிவிட்டது அவருக்கு. நான் ஓம் என்றேன். சமைக்கிற வாழையோ பழ வாழையோ, எது வேண்டும் என்று கேட்டேன். ஊரில் என்றால் ஆம்பிளைக்குப் பழத்தில் கள் செய்கிற வாழைதான் வேண்டும், இங்கே கிடைக்கிறதைக் கொண்டுவா என்றார். ஜோசப் குடிக்கிறதில்லை என்றும் சொன்னார்.

நல்ல காலம் ஆவணி பிறந்திருந்தது. ஆடி முடிந்த முதல் முகூர்த்தம். ஞாயிற்றுக்கிழமை விம்பிள்டனில் ஒரு கலியாணம். மணவறை சோடிக்கிற செல்வா என்ற பெடியன் எனக்குப் பழக்கம். அந்த நாளில் மரம் ஊரிலிருந்து மரக்கறி வருகிற பிளேனில் வரும். கலியாணம் முடிந்தால் குப்பைக்குத்தான். ஒன்று தா என்றேன்.

"ஒண்டு தரேலாது அண்ணை. சோடியைப் பிரிக்கக் கூடாது. ரெண்டையும் கொண்டு போங்கோ."

"எறியிற மரத்துக்கு என்ன சோடி?"

"எறிஞ்சாலும் சோடியாத்தான் எறிவம். ஏன், ஆருக்கு? ஒளிச்சுக் கலியாணம் ஏதும் செய்யிறியளோ?"

ஓம் என்றேன். அவனோடு வாதாட நேரமில்லை. அவன் ஓலையை வெட்டி, குலையை எடுத்து, இரண்டு குற்றியையும் துப்புரவாய்த் தந்தான். லோண்டரியில் கழித்த கிழிசல் விரிப்பு இரண்டு கொண்டு போயிருந்தேன். சுற்றிக் கட்டினேன். தோளுக்கு ஒன்றாய்த் தூக்கினேன். கட்டி முடித்த பிறகுதான் பார்த்தேன், அது எப்படித் தெரிகிறது என்று. வேறொன்றும் செய்யவில்லை. ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

டிஸ்ட்ரிக்ட் லைன் எனக்குக் கன பாடு தந்த ரயில். அன்றைக்குப் போல ஒருநாளும் இல்லை. வெள்ளை விரிப்பில் சுற்றின இரண்டு நீளச் சாமான், கறுத்த ஒரு ஆள், நல்ல வெயில். கீழே தண்ணீர் கசிந்து ஓடுகிறது. வாழைக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு முன்னால் இருந்த மனிசி எழும்பி அடுத்த பெட்டிக்குப் போனார். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மட்டும் கேட்டார், கம்பளமோ என்று. கம்பளம் என்றேன். ஈரமாய் இருக்கிறதே என்றார். கழுவினது என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பேப்பரைப் பார்த்தார்.

ரோஸ் அக்கா பிளேஸ்டோ ஸ்டேஷன் வாசலில் நின்றார். சுற்றினதைக் கண்டதும் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துத் தோளில் போட்டார். ஒன்றை அவர் வாங்கினார். கைப்பிள்ளையைப் போல நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். ஏன் இரண்டு என்று அப்போது கேட்கவில்லை.

அடுத்த நாள் திங்கள். அவர் செத்த வீட்டு லீவு எடுத்தார். ஜெனரலுக்குத் தந்த லீவில் ஜோசப்பை எடுத்தோம். நான் சுகமில்லை என்று சொல்லிவிட்டுப் போனேன்.

கவுன்சில் வீடு. பின்னால் சின்னத் தோட்டம், வேலிக்கு அந்தப் பக்கம் ரயில். அவர்களின் வழக்கத்தில் பொம்பிளைகள் குழி வெட்டக் கூடாதாம். ஜோசப்பின் ஆட்கள் யாரும் இங்கே இல்லை. "நீதான் வெட்டோணும்," என்றார். வெட்டினேன். நாங்கள் எரிக்கிற சனம், சவக்குழி வெட்டி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் பங்கர் வெட்டியிருக்கிறேன். பொம்மர் பிளேன் குண்டு போட்ட காலத்தில் எங்கள் வளவிலும், அண்ணை வீட்டிலும், பக்கத்து வீட்டிலும் வெட்டினது நான்தான். கை தன்பாட்டில் அந்த அளவுக்கே போனது. நிமிர்ந்து பார்த்தபோது குழி அகலமாய்ப் போய்விட்டது. இரண்டு பேர் குந்தியிருக்கலாம்.

ரோஸ் அக்கா உள்ளேயிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தார். மண்ணிறத்தில் தோல் மாதிரி ஒரு துணி, மரப்பட்டையில் செய்தது. அதற்குக் கீழே ஒரு சோடி சப்பாத்து. நாடா அவிழ்ந்தபடி. ஜோசப் அவிழ்த்தது அவிழ்த்தபடி. அதோடுதான் நாடு விட்டு நாடு வந்திருக்கிறார். குற்றியைத் துணியில் சுற்றினார். கால்மாட்டில் சப்பாத்தை வைத்தார். பிறகு குனிந்து இரண்டு நாடாவையும் கட்டினார்.

இறக்கினோம். வாழை பாரம். ஆளின் பாரம் போலத்தான் இருந்தது.

ரயில் ஒன்று வந்தது. வேலி அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் அவர் கதைப்பார் என்று எதிர்பார்த்தேன். கதைக்கவில்லை. ரயில் போய் எல்லாம் அடங்கும்வரை நின்றார். பிறகு பக்கத்து வீடெல்லாம் கேட்கிற மாதிரி ஜோசப்பின் முழுப் பெயரையும் சொன்னார். தகப்பன் பெயர், ஊர்ப் பெயர். மணிக்கூடு திருத்துகிறவர் என்றார். எப்படிப் பிடித்தார்கள், யார் பிடித்தார்கள் என்றார். கடைசியாக ஜெனரலின் பெயரைச் சொன்னார். மண் போட்டார்.

கையில் மண்ணோடு திரும்பிப் பார்த்தார். மற்றக் குற்றி வேலியில் சாத்தியிருந்தது.

"குழி ரெண்டு பேருக்குக் காணும்," என்றார். "உன்ரை அண்ணை?"

நான் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேண்டாம் என்று உடனே சொல்ல வரவில்லை. எனக்கும் முடித்துவிட்டால் போதும் என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகள், எண்ணெய் விட்ட சைக்கிள், எல்லாவற்றையும். இரண்டடி தூரத்தில் குழி. தள்ளிவிட்டால் சரி.

"அண்ணி இருக்கிறா," என்றேன்.

ரோஸ் அக்கா என்னை வடிவாய்ப் பார்த்தார். அவருக்கு விளங்கினது. கதவைப் பூட்டின மனிசி அல்லவா.

"அப்ப அது அவவின்ரை கதவு," என்றார். "நாங்கள் தட்டேலாது."

குழியை மூடினோம். மற்றது வேலியோடு நின்றது.

அடுத்த ஞாயிறு ஃபோன் கார்டைச் சுரண்டினேன். அண்ணிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சப்பாத்தையும் சொன்னேன்.

"பாவம் அந்த மனிசி," என்றார் அண்ணி. "மற்ற வாழையை என்ன செய்தனீங்கள்?"

"வேலியோடை நிக்குது அண்ணி."

"நிக்கட்டும் தம்பி."

பிறகு சைக்கிளுக்கு எண்ணெய் விட்ட கதை. அதோடு கார்டு முடிந்தது.

அந்தக் குற்றி கனநாள் நின்றது. முதலில் மேல்மடல் காய்ந்தது. மாரி வரக் கறுத்துச் சுருங்கி, ஒருநாள் தன்பாட்டில் மடிந்து விழுந்தது. ரோஸ் அக்கா அதைத் தொடவில்லை. நானும் தொடவில்லை. தண்டை வெட்டிக் கறி வைக்கலாமே என்று செல்வா கேட்டான். எனக்குப் பசிக்கவில்லை என்றேன்.

ரோஸ் அக்கா அதன் பிறகு மாறிவிட்டார். தேத்தண்ணி மேசையில் கதைக்கத் தொடங்கினார். கதைத்தார், கதைத்தார், எங்களுக்குச் சாப்பிட நேரமில்லை. சுப்பர்வைசரைக் கூட ஏசினார். ஜெனரலின் பெயரைப் பழைய கடன்காரனின் பெயர் போல எல்லாருக்கும் சொன்னார். என் தலையிடி எனக்குத்தான் தெரியும். அதுவும் கொஞ்சக் காலம். லோண்டரியை மூடினார்கள். அவர் வடக்கே எங்கோ ஒரு சகோதரியிடம் போனார். கிறிஸ்மசுக்குக் கார்டு வரும். பிறகு வரவில்லை.

லோண்டரி இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி வைத்த பிளாட். அவருடைய வீட்டு வரிசையையும் இடித்துவிட்டார்கள். ஜோசப் கார் நிற்பாட்டுகிற தரைக்குக் கீழே இருக்கிறார். சப்பாத்து கட்டினபடி இருக்கும் என்று நினைக்கிறேன். ஃபோன் கார்டு விற்ற கடையும் இல்லை. அந்தக் கார்டைச் சுரண்டினால் விரலில் ஒட்டுகிற சாம்பல் தூளும் இல்லை.

போன வருஷம் அண்ணியும் போய்விட்டார். பொட்டு வைத்து, சிவப்புச் சீலை கட்டித்தான் எரித்தார்களாம். அங்கே ஐயர் கேட்டாராம், தர்ப்பையில் ஆள் செய்து எரித்து அண்ணைக்கும் சேர்த்து முடித்துவிடலாமோ, லண்டனில் தம்பியைக் கேட்டுச் சொல்லுங்கோ என்று. பொறுக்கச் சொன்னேன். எனக்கு எரிக்க மனமில்லை. பூட்டி வைத்திருந்தவர் போய்விட்டார், இனித் திறக்கிறது என்றால் நான்தான். திறக்கிறதை ரோஸ் அக்கா திறந்த மாதிரித் திறக்க வேண்டும் என்று இருந்தது. மண் எங்கே என்று பிறகு பார்ப்போம், முதலில் மரம் என்று நினைத்தேன்.

அப்படித்தான் அந்தக் கலியாணத்துக்குப் போனேன். செல்வா இப்போது தொழில் செய்வதில்லை, முழங்கால் நோ. மகன்தான் செய்கிறான். இங்கே பிறந்த பிள்ளை. சாப்பாடு முடிந்து மண்டபம் வெறுமையான பிறகு அவனைப் பிடித்துக் கேட்டேன்.

"உண்மை மரம் ஒருத்தரும் கேக்கிறேல்லை அங்கிள்," என்றான். "ஒழுகுது எண்டு ஹோல்காரர் விடமாட்டினம்."

நான் திரும்பவும் வாசலுக்குப் போய் அந்த மடலைத் தடவிப் பார்த்தேன். அவனுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நல்ல பிள்ளை. ஏணியில் ஏறி ஒரு மரத்தின் கட்டை அவிழ்த்தான்.

"இதைக் கொண்டு போங்கோ. ஒண்டு காணுமோ, ரெண்டும் வேணுமோ?"

"ஒண்டு காணும்."

கையில் தந்தான். பாரமே இல்லை.

"இது எத்தினை வருஷம் போனாலும் பழுதாகாது அங்கிள்."

"அதுதானப்பு பிரச்சினை," என்று திருப்பிக் கொடுத்தேன்.